பாய்மரக் கப்பலில் வந்த பாட்டனார்கள்

தம் முன்னோர் யாவர், எங்கிருந்து வந்தனர் என்று அறிந்துகொள்ளும் ஆவல் மனிதருக்கு இயல்பாக அமைந்த ஒன்றாகும். அரபு மக்கள் அதனை ஒரு கலையாகவே வளர்த்தனர். நஸப் எனப்படும் வமிசாவளிக் கலையில் வல்லவர்களுக்கு அவர்களிடையே தனி மதிப்பு இருந்தது. ஏடும் எழுத்தும் அருகியிருந்த காலத்தில், ஒருவர் தம் தகப்பனார், பாட்டனார், அவருடைய பாட்டனார் எனப் பல தலைமுறைகளைத் தடையின்றிச் சொல்லக் கூடியவராய் இருந்தார்.

எனினும் நினைவினால் மட்டும் காக்கப்படும் வமிசாவளிக்கு ஒரு குறை உண்டு. அது உயர்ந்தோரை நினைவில் வைக்கும். எளியோரை நழுவ விட்டுவிடும். தலைவனும் வீரனும் கொடையாளியும் அதில் இடம்பெறுவர். கூலிக்காரனும், தண்டனை பெற்றவனும், திக்கற்ற அனாதைப் பெண்ணும் இரண்டு தலைமுறைக்குள் மறக்கப்பட்டு விடுவர். இதற்கு நேர்மாறாக, எளியோரிலும் எளியோரே மிகத் தெளிவாக அறியப்படும் ஒரு நாடும் உலகில் உண்டு. அந்நாடு ஆஸ்திரேலியா. பாய்மரக் கப்பல்களில் அங்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோரை எவ்வாறு தேடிக் காண்கின்றனர் என்பதை அறிந்தால், நாமும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகள் பல கிடைக்கின்றன.

கப்பல்கள் வந்த வரலாறு

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து 1787 மே 13ஆம் நாள் பதினொரு கப்பல்கள் புறப்பட்டன. எட்டு மாதங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1788 ஜனவரி 26ஆம் நாள் அவை சிட்னித் துறையில் நங்கூரமிட்டன. அவற்றில் வந்தவர்களிற் பெரும்பாலோர் தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்ட கைதிகள். அன்று தொடங்கிய இவ்வழக்கம் எண்பது ஆண்டுகள் நீடித்தது. கடைசிக் கைதிக் கப்பலாகிய ஹூகமான்ட் 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமான்டில் துறையை அடைந்தது. இந்த எண்பது ஆண்டுகளில் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 1,62,000 பேர் கைதிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிலர் கொடிய குற்றவாளிகள்; மிகப் பலர் துணி திருடியவர்கள், ஆடு திருடியவர்கள், உணவுப் பண்டம் எடுத்தவர்கள். அயர்லாந்தில் ஆட்சியை எதிர்த்துப் போராடியமைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களும் அவர்களிடையே இருந்தனர்.

கைதிகளைத் தொடர்ந்து சுதந்திர மக்களும் வந்தனர். 1836இல் தொடங்கிய தென் ஆஸ்திரேலியக் குடியேற்றம் கைதிகளைச் சேர்க்காமலே அமைக்கப்பட்டது. 1838இல் ஜீப்ரா என்னும் கப்பலில் வந்த ஜெர்மானிய லூத்தர் சபையினர், தம்மிடம் அன்பாக நடந்துகொண்ட கப்பல் தலைவர் ஹானின் பெயரையே தம் ஊருக்குச் சூட்டினர். ஹான்டார்ஃப் என்ற அவ்வூர் இன்றும் அப்பெயரோடு விளங்குகிறது. 1851இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டதும் கூட்டம் பெருகியது. விக்டோரியாவின் மக்கள் தொகை 1851இல் சுமார் 77,000 ஆக இருந்து, பத்தே ஆண்டுகளில் 5,40,000 அளவுக்கு உயர்ந்தது.

அந்தக் கடற்பயணம் எளியதன்று. கப்பல்கள் அட்லாண்டிக் கடலில் தெற்கு நோக்கி இறங்கி, ஆப்பிரிக்க முனைக்கும் வெகு தெற்கே சென்று, அங்கே ஓயாது வீசும் மேல்காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடின. மூன்று, நான்கு மாதங்கள் கரையைக் காணாமற் செல்லும் வழி அது. 1852இல் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட மார்க்கோ போலோ என்னும் கப்பல் எழுபத்தாறே நாட்களில் மெல்போர்னை அடைந்து புகழ் பெற்றது. ஆனால் அந்தப் புகழ்பெற்ற பயணத்திலேயே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தட்டம்மை கண்ட குழந்தைகள்.

கைதிகளின் ஏடு

கைதிக் கப்பல் ஒவ்வொன்றுடனும் ஓர் அட்டவணை சென்றது. தொடக்க காலத்தில் அதில் பெயர், தீர்ப்பு வழங்கிய இடம், நாள், தண்டனைக் காலம் ஆகியவை மட்டுமே இருந்தன. 1820களுக்குப் பின் அது விரிந்தது. வயது, பிறந்த ஊர், தொழில், செய்த குற்றம், சமயம், எழுத்தறிவு, மணமானவரா, எத்தனை பிள்ளைகள் என்பனவெல்லாம் எழுதப்பட்டன. உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், முகத்திலுள்ள தழும்பு, கையிற் குத்திய பச்சை ஆகியவையும் விடப்படவில்லை. கைதி தன் மார்பிலோ கையிலோ மனைவியின் பெயரெழுத்தைப் பச்சை குத்தியிருந்தால், எழுத்தர் அதனையும் பார்த்து எழுதினார். தப்பி ஓடினால் அடையாளங் கண்டு பிடிப்பதற்காகவே இவ்வளவும் எழுதப்பட்டன.

கரை இறங்கிய பின்னரும் எழுத்து அவரை விடவில்லை. எந்தப் பண்ணையாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார், எத்தனை கசையடி பெற்றார், எப்போது மணம் புரிய அனுமதி கேட்டார், எந்த ஆண்டில் தாமே உழைத்துப் பிழைத்துக்கொள்ளும் விடுப்புச் சீட்டுப் பெற்றார், எப்போது முழு விடுதலை அடைந்தார் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏடு இருந்தது.

கப்பலில் இருந்த வைத்தியரின் நாட்குறிப்பும் இவற்றோடு சேரும். 1814இல் வந்த சில கப்பல்களில் நோயால் பலர் மடிந்தமையால், அதன் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை தருமாறு வில்லியம் ரெட்ஃபெர்ன் என்னும் வைத்தியர் பணிக்கப்பட்டார். கீழ்த்தளத்துக்குக் காற்றும், உடலுக்குத் தூய்மையும், கைதிகளுக்காகப் பேசும் அதிகாரமுள்ள வைத்தியரும் வேண்டும் என்று அவர் எழுதினார். 1815 முதல் கைதிக் கப்பல்களில் கடற்படை வைத்தியர்கள் கண்காணிப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். இந்த ரெட்ஃபெர்னும் கடற்படைக் கலகம் ஒன்றில் சிக்கித் தண்டனை பெற்று, 1801இல் கைதியாக அந்நாட்டுக்கு வந்தவரே என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அந்த வைத்தியர்கள் எழுதிய நாட்குறிப்புகள் இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்தக் கைதி எந்த நாளில் காய்ச்சலாற் படுத்தார், எந்தத் தாய்க்கு நடுக்கடலிற் குழந்தை பிறந்தது என்பன அவற்றில் காணக்கிடைக்கின்றன.

ஆகவே, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோழியைத் திருடி அகப்பட்ட ஏழையின் உயரமும் கண்ணின் நிறமும் இன்று அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். அவரைத் தண்டித்த நீதிபதியின் வீட்டுப் பணியாளர்களைப் பற்றிக்கூட அவ்வளவு விவரம் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியக் கைதிகளின் ஆவணங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2007இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது.

அனாதைப் பெண்கள்

கைதிகளுக்கு அடுத்தபடியாகத் தெளிவாக அறியப்படுபவர்கள், அரசின் செலவில் குடியேற வந்தவர்கள். பொதுப் பணம் செலவானமையால் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. சிட்னியில் இவர்கள் இறங்கும்போது ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிய பட்டியல்களில் பிறந்த ஊர், தாய் தந்தையர் பெயர், அவர்கள் உயிரோடிருக்கின்றனரா, படிக்கத் தெரியுமா, இந்நாட்டில் உறவினர் உண்டா என்பன பதிவாயின.

இவர்களில் நம் நெஞ்சை உருக்குபவர்கள் அயர்லாந்தின் அனாதைப் பெண்கள். அந்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து 1845 முதல் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. ஏழையர் விடுதிகள் பெற்றோரை இழந்த சிறுமியரால் நிரம்பின. 1848 முதல் 1850 வரை அவ்விடுதிகளிலிருந்து 4,100க்கும் மேற்பட்ட இளம்பெண்கள் சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு நகரங்களுக்கு அனுப்பப்பட்டனர். பதினான்கு வயது முதல் இருபது வயதுக்குள் உள்ளவர்களே அவர்களிற் பெரும்பாலோர். ஆளுக்கு ஒரு மரப்பெட்டியும் சில உடுப்புகளுமே அவர்கள் கொண்டு வந்த சீதனம். சிட்னியில் இறங்கியவர்கள், முன்பு கைதிகளின் இருப்பிடமாக இருந்த ஹைட் பார்க் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டு, வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் மணமாகிப் பெரும் குடும்பங்களுக்குத் தாயராயினர்.

1922 ஜூன் மாதத்தில், அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில், டப்ளின் நகரத்துப் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட மக்கள் தொகைக் கணக்கின் பெரும் பகுதி அதில் எரிந்தது. பிற்காலத்துக் கணக்குகள் சில அரசாங்கத்தாலேயே அழிக்கப்பட்டிருந்தன. எனவே, ஓர் ஏழைச் சிறுமியின் தாய் தந்தையர் பெயர், அவள் பிறந்த மண்ணிலே எழுத்தில் இல்லாமற்போய், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் சிட்னியில் ஓர் எழுத்தர் கேட்டு எழுதிய ஒற்றை வரியில் நிலைத்திருக்கிறது.

ஹைட் பார்க் கட்டடத்தின் மதிலில் இப்பெண்களின் நினைவாக 1999இல் ஒரு சின்னம் எழுப்பப்பட்டது. மதிலை ஊடுருவிச் செல்லும் ஒரு மேசை. ஒரு புறத்தில் வெற்றுக் கிண்ணம். கண்ணாடியிற் பொறித்த பெண்களின் பெயர்கள். இதனை அமைத்தவர்கள் ஹுசைன் வலமனேஷ் என்பவரும் அவருடைய துணைவியார் ஆஞ்சலாவும் ஆவர். ஹுசைன் ஈரானில் பிறந்து ஆஸ்திரேலியாவிற் குடியேறியவர். தாயகத்தை விட்டு வந்தவரின் வேதனையை, வேறொரு தாயகத்தை விட்டு வந்தவர் உணர்ந்து செய்த பணி அது.

பணம் கொடுத்து வந்தவர்கள்

இனி, தம் கைப்பணத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கி, எவருக்கும் கடன்படாது வந்தவர்களின் நிலையைப் பார்ப்போம். அவர்களைப் பற்றி அரசு அக்கறை கொள்ளவில்லை. மேல்தளத்து அறைகளில் வந்த செல்வர்களின் பெயர் பத்திரிகையின் கப்பற் செய்தியில் வந்தது; அதுவும் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டுமே. கீழ்த்தளத்தில் வந்தவர்களுக்கு அந்தப் பேறும் இல்லை. சிட்னிக்கு வந்த பல கப்பல்களின் பட்டியலில் அறைப் பயணியர் பெயரை எழுதிவிட்டு, கீழ்த்தளத்தில் இத்தனை பேர் என்று ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிட்டனர். பொன்னைத் தேடிக் கப்பலை விட்டே ஓடிய மாலுமிகளும் உண்டு. அவர்கள் பெயர் பயணியர் பட்டியலில் இராது. சிலர் பெயரையே மாற்றிக்கொண்டனர்.

ஆகவே, கைதியின் பேரன் தன் பாட்டனாரின் தழும்பைக்கூட அறிகிறான். கௌரவமாகச் சீட்டு வாங்கி வந்தவரின் பேரனோ ஓர் எண்ணுக்குள் தன் பாட்டனாரைத் தேடி நிற்கிறான். அரசு யாரை ஐயுற்றதோ அவரை எழுதியது. யாரை நம்பியதோ அவரை எழுதாமல் விட்டது.

தேடும் முறை

தேடுவோர் கடைப்பிடிக்கும் முறை எளியது, பொறுமையை வேண்டுவது. கப்பலிலிருந்து தொடங்கலாகாது, தம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். தம் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர். பெற்றோரின் திருமணப் பத்திரத்தில் அவர்களுடைய பெற்றோர். இவ்வாறு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏற வேண்டும். ஒரு படியையும் தாண்டிச் செல்லலாகாது.

இதற்குப் பெருந்துணையாக இருப்பது பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு. டாஸ்மேனியாவில் 1838 டிசம்பரிலும், விக்டோரியாவில் 1853 ஜூலையிலும், நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச்சிலும் அரசுப் பதிவு தொடங்கியது. அதற்கு முற்பட்ட காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகளே துணை. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் ஆகியவற்றின் இறப்புப் பத்திரம் வியக்கத்தக்க விரிவுடையது. இறந்தவர் பிறந்த இடம், அவருடைய தாய் தந்தையர், மணந்தவர், பிள்ளைகள் ஆகியவற்றோடு, அவர் இந்நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதும் அதில் கேட்கப்பட்டது. இந்த ஒரு கேள்வியே தேடுவோர்க்குத் திறவுகோல். 1890இல் இறந்தவர் நாற்பத்தொரு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார் என்றிருந்தால், 1849ஆம் ஆண்டையும் அதை ஒட்டிய ஆண்டுகளையும் சேர்ந்த கப்பற் பட்டியல்களைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கிவிடும். கப்பல் கிடைத்தால் பிறந்த ஊர் கிடைக்கும்; ஊர் கிடைத்தால் இங்கிலாந்தின் அல்லது ஸ்காட்லாந்தின் ஏடுகளுக்கு வழி திறக்கும்.

வேறு நாடுகளிற் பெரிதும் பயன்படும் மக்கள் தொகைக் கணக்கு இங்கே உதவாது. நியூ சவுத் வேல்ஸின் 1828ஆம் ஆண்டுக் கணக்கு எஞ்சியிருப்பது நற்பேறு. 1881ஆம் ஆண்டுக் கணக்கின் ஏடுகளோ, 1882 செப்டம்பர் 22ஆம் நாள் சிட்னியின் கார்டன் பாலஸ் மாளிகை எரிந்தபோது சாம்பலாயின. இருபதாம் நூற்றாண்டில் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டபின் பெயருள்ள தாள்களை அழித்துவிடுவதே வழக்கமாக இருந்தது. 2001 முதல்தான், விரும்பிச் சம்மதித்தவர்களின் விவரங்களை 99 ஆண்டுகள் பூட்டி வைத்துக் காக்கும் ஏற்பாடு வந்தது. எழுதுவதைப் போலவே எழுதியதைக் காப்பதும் ஒரு கடமை என்பதற்கு இது சான்று.

பெயர் ஒன்று, ஆள் வேறு

தேடுவோர் அதிகமாக வழுக்கி விழும் இடம் பெயர் ஒற்றுமையாகும். ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒரே ஆண்டில் பலர் வந்திருப்பர். தம் பாட்டனார் பெயரைக் கப்பற் பட்டியலில் கண்டவுடன் மகிழ்ந்து, அயலாருடைய பாட்டனாரைத் தம் குடும்பத்திற் சேர்த்துக்கொண்டோர் உண்டு.

இந்த இடரை நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நன்குணர்ந்திருந்தனர். அறிவிப்பாளர்களிடையே பெயரும் தகப்பனார் பெயரும் ஒன்றாக அமைந்து ஆள் மட்டும் வேறாக இருப்பதை 'முத்தஃபிக் வ முஃப்தரிக்' என ஒரு தனித் துறையாக்கினர். ஹிஜ்ரி 463இல் மறைந்த கத்தீபுல் பக்தாதி அவர்கள் அதற்கென ஒரு நூலே இயற்றினார்கள். எழுத்தில் ஒன்றுபோல் தோன்றி ஒலிப்பில் வேறுபடும் பெயர்களை 'முஃதலிஃப் வ முக்தலிஃப்' என்றனர். அத்துறையில் ஹிஜ்ரி 385இல் மறைந்த தாரகுத்னீ அவர்களின் நூல் பெயர் பெற்றது. ஓர் அறிவிப்பாளர் எந்த ஊரினர், எப்போது பிறந்தார், யாரைச் சந்தித்தார், சந்தித்திருக்கக் கூடுமா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே சங்கிலியின் ஒரு கண்ணியை ஏற்றுக்கொண்டனர்.

கப்பற் பட்டியலைத் தேடுவோர்க்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அயர்லாந்து மக்களின் பெயரை ஆங்கில எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறு எழுதினார். எழுதத் தெரியாத பயணியால் அதனைத் திருத்த இயலவில்லை. ஒரே குடும்பத்தின் பெயர் மூன்று கப்பல்களில் மூன்று விதமாக இருக்கும். இறப்புப் பத்திரத்தில் உள்ள விவரங்களும் இறந்தவர் சொன்னவையல்ல. துயரத்தில் இருந்த மகனோ, அடுத்த வீட்டாரோ நினைவிலிருந்து சொன்னவை. எனவே வயது, ஊர், தொழில், உடன் வந்தோர் ஆகிய பல சாட்சிகள் ஒத்துவந்தாலன்றி ஒரு கண்ணியை ஏற்றல் தகாது.

புறப்பட்டோர் பட்டியலும் வந்து சேர்ந்தோர் பட்டியலும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. 1845 ஆகஸ்ட் 4ஆம் நாள் கேட்டராக்வி என்ற கப்பல் கிங் தீவின் பாறையில் மோதியது. ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். பிழைத்த ஒன்பது பேரில் குடியேற வந்தவர் ஒருவரே. 1852இல் டைகாண்டரோகா என்ற கப்பலில் சுமார் 800 பேர் வந்தனர். வழியிலேயே நூறு பேர் நச்சுக்காய்ச்சலால் இறந்தனர். மெல்போர்ன் அருகே பாயிண்ட் நெப்பியனில் இறக்கப்பட்ட பின்னரும் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிற் பலர் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஏழைகள். சில குடும்பங்களில் தாயும் தந்தையும் மடிந்து குழந்தைகள் மட்டும் மிஞ்சினர்.

மறைத்ததும் தேடியதும்

நெடுங்காலம் வரை கைதியின் வழிவந்தவர் என்பது ஆஸ்திரேலியக் குடும்பங்களில் வெளியிற் சொல்லத் தகாத செய்தியாக இருந்தது. வான் டீமன் நிலம் என்று வழங்கிய தீவு, கைதிகளின் வரவு 1853இல் நின்றபின், 1856இல் தன் பெயரையே டாஸ்மேனியா என்று மாற்றிக்கொண்டது. பழைய பெயரோடு ஒட்டியிருந்த இழிவைக் கழுவ அம்மக்கள் விரும்பினர். பிள்ளைகளிடம் பாட்டனாரைப் பற்றிப் பேசாதிருந்தனர். சில வீடுகளில் அவர் அதிகாரியாகவோ படைவீரராகவோ வந்தவர் என்று கதை கட்டினர்.

காலம் மாறியது. 1932இல் சிட்னியில் ஆஸ்திரேலிய வமிசாவளி ஆய்வாளர் சங்கம் தோன்றியது. 1968இல், முதற் கப்பற் கூட்டத்தில் வந்தோரின் வழிவந்தவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். இன்று கைதிப் பாட்டனார் ஒருவரைக் கண்டுபிடித்தால் அதனைக் குடும்பத்தார் கொண்டாடுகின்றனர். குற்றத்தைப் புகழ்வதாக இதனைக் கொள்ளலாகாது. பசியால் திருடி, விலங்குடன் கடல் கடந்து, தண்டனை முடித்து, நிலத்தைத் திருத்தி, பிள்ளைகளை வளர்த்த ஒரு மனிதரின் முழு வாழ்வையும் அவர்கள் ஏட்டில் படிக்கின்றனர். மறைத்து வைத்தபோது அவர் வெறும் களங்கமாக இருந்தார். படித்தறிந்தபோது பாட்டனார் ஆனார்.

ஒட்டகக்காரர்கள்

நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களும் இவ்வரலாற்றில் இருக்கின்றனர். ஆஸ்திரேலியாவின் உட்பகுதி நீரற்ற பாலை. குதிரையும் மாடும் செல்லமுடியாத அவ்வழிகளுக்கு ஒட்டகம் தேவைப்பட்டது. 1860இல் கராச்சியிலிருந்து இருபத்து நான்கு ஒட்டகங்களும் அவற்றை ஓட்டுவோரும் மெல்போர்னுக்கு வந்தனர். 1865 டிசம்பர் இறுதியில் பிளாக்வெல் என்ற கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களுடனும் சுமார் முப்பது ஓட்டிகளுடனும் போர்ட் அகஸ்டா துறையை அடைந்தது. பலூச்சியரும், பட்டாணியரும், பஞ்சாபியரும், சிந்துக்காரரும் ஆகிய எல்லோரையும் அந்நாட்டார் ஆப்கானியர் என்றே அழைத்தனர். 1870 முதல் 1872 வரை நாட்டின் தெற்கையும் வடக்கையும் இணைத்த தந்திக் கம்பிக்குப் பொருள் சுமந்தவர்கள் இவர்கள். அடிலெய்டில் 1888, 1889ஆம் ஆண்டுகளில் இவர்களால் எழுந்த பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு விளங்குகிறது.

1901இல் வெள்ளையர் அல்லாதாரைத் தடுக்கும் குடிவரவுச் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளே வர விரும்புவோர், அதிகாரி விரும்பும் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லக் கேட்டு எழுதவேண்டும். வரவிடாது தடுப்பதற்கென்றே அமைந்த தேர்வு இது. 1958 வரை சட்டத்தில் இருந்தது. பல்லாண்டு அங்கு உழைத்தவரும் தாயகம் சென்று திரும்ப வேண்டுமானால், இத்தேர்விலிருந்து விலக்களிக்கும் சான்றிதழ் பெற்றாக வேண்டும். அதில் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் காட்டும் படங்களை ஒட்டினர். உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதித்தனர். திருடரைப் போல் நடத்தினார்களே என்று அன்று அவர்கள் உள்ளம் நொந்திருக்கும். அந்தத் தாள்கள் இன்று ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. பாட்டனாரின் வேறு படமே இல்லாத குடும்பத்தினர், அவருடைய முகத்தையும் உள்ளங்கை ரேகையையும் அங்கே காண்கின்றனர். கைதிகளின் ஏட்டில் நாம் கண்ட அதே விந்தை இங்கும் நிகழ்ந்துள்ளது.

மற்றொரு செய்தியும் உண்டு. புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரத்தில், ஒட்டகக்காரர்கள் தகரத்தால் அமைத்த பழைய பள்ளிவாசல் ஒன்று இன்று காட்சிச்சாலையாக உள்ளது. அங்கிருந்த ஒரு பழைய புத்தகத்தைக் குர்ஆன் என்றே பலரும் எழுதிவந்தனர். வங்காளத்தைத் தாயகமாகக் கொண்ட சாமியா காத்தூன் என்ற வரலாற்றாசிரியர் சென்று பார்த்தபோது, அது வங்காள மொழியில் நபிமார்களின் வரலாற்றைப் பாடும் கஸஸுல் அன்பியா என்று தெரிந்தது. 2018இல் வெளிவந்த ஆஸ்திரேலியநாமா என்ற தம் நூலில் அவர் இதனை விளக்கியுள்ளார். வங்காளத்திலிருந்தும் முஸ்லிம்கள் அந்தப் பாலை வரை வந்து வாழ்ந்தனர் என்பதற்கு அப்புத்தகமே சாட்சியாய் அங்கிருந்தது. அதனைப் படிக்கத் தெரிந்த கண்கள்தாம் வந்து சேரவில்லை.

மண்ணின் மக்கள்

இக்கப்பல்கள் வந்திறங்கிய நிலம் ஆளற்ற நிலமன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களிடம், யார் யாருக்கு என்ன உறவு என்பதை மிக நுணுக்கமாகக் காக்கும் மரபு இருந்தது. குடியேறிகளின் அரசோ, இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அவர்களின் குழந்தைகளைப் பிரித்தெடுத்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது. இக்கொடுமையை 1997இல் வெளியான விசாரணை அறிக்கை நாட்டுக்கு எடுத்துக் காட்டியது. 2008 பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். பிரிக்கப்பட்டோர் தம் உறவினரைத் தேடும்போது, தம்மைப் பிரித்த அதே அதிகாரிகளின் கோப்புகளையே நாட வேண்டியுள்ளது. முன்னோரைத் தேடுவது ஒருவருக்கு ஓய்வுநேர இன்பமாகலாம். மற்றொருவருக்கு அது தாயைத் தேடும் கண்ணீராகும்.

நமக்குரிய பாடம்

இவையனைத்தையும் எண்ணும்போது ஒன்று தெளிவாகிறது. ஆஸ்திரேலியாவின் எளிய மக்கள் இன்று அறியப்படுவதற்குக் காரணம் எவருடைய அன்பும் அன்று. சிறைக் காவலரும், கணக்கரும், சுங்க அதிகாரியும் தத்தம் வேலைக்காக எழுதினர். அவர்கள் எழுதியதில் மனிதரின் உடல் இருக்கிறது, குற்றம் இருக்கிறது, செலவு இருக்கிறது; அவர் என்ன நினைத்து அழுதார், எதற்காகச் சிரித்தார் என்பது இல்லை. அதனை எழுதியிருக்க வேண்டியவர்கள் வீட்டாரே.

நம் குடும்பங்களிலும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் கடல் கடந்து சென்று உழைத்த பெரியவர்கள் இருந்தனர். அவர்களைக் கைதியாகப் பிடித்து எழுதிவைத்த ஏடு எதுவும் இல்லை, அது நல்லதே. ஆனால் அவர்கள் எழுதிய கடிதங்கள் நம் பெட்டிகளில் இருந்தன. அவற்றிற் பல அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த பாட்டிமார்கள் மறைந்து வருகின்றனர். படிக்கத் தெரியாத காகிதம் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போகிறது. புரோக்கன் ஹில்லின் புத்தகத்துக்கு நேர்ந்ததைவிட இது பெரிய இழப்பாகும். அப்புத்தகமாவது, தன்னைப் படிக்க ஒருவர் வரும்வரை அங்கேயே காத்திருந்தது.

ஆகவே, வீட்டிலுள்ள முதியவரிடம் இன்றே அமர்ந்து, அவருடைய தகப்பனார், பாட்டனார், அவர்களை மணந்து வந்த பெண்களின் பெயர், பிறந்த ஊர், சென்ற ஊர், சென்ற ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பெண்களின் பெயரை விட்டுவிடலாகாது. வமிசாவளிகளில் முதலில் மறைவது அவர்கள் பெயரே. யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்பதையும் அருகில் குறித்தல் வேண்டும். பெருமைக்குரியதை மட்டும் எழுதி மற்றதை மறைத்தலும் தகாது. கடனாளியாகி ஊரை விட்டுச் சென்ற பாட்டனாரும் நம் பாட்டனாரே. உறவைப் பேணுவதற்காகவே நம் பெரியோர் வமிசாவளியைக் கற்கச் சொன்னார்கள். குலப் பெருமை பேசுவதற்காக அன்று. பழைய கடிதங்கள் இருக்குமாயின், அரபுத் தமிழ் அறிந்த ஒருவரை அழைத்து, அவர் இருக்கும் காலத்திலேயே படிக்கச் செய்து, இன்றைய எழுத்தில் பெயர்த்து வைத்துக்கொள்வது நம் அனைவர்க்கும் கடனாகும்.